ஒற்றைக் கம்பளி

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். சுற்றுவட்டாரத்தில் அதை ‘ராணுவப்பேட்டை’ என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார், இல்லையென்றால் இருந்துவிட்டு வந்திருப்பார். அந்த ஊர் என்றில்லை, பழைய வடாற்காட்டுப் பக்கம் எந்த ஊரிலும் பட்டாளத்துக்காரர் வீட்டுக்கு ஓர் அடையாளம் உண்டு. கூடத்து மூலையில் கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நீண்ட எண், பக்கத்தில் பெயர். திறந்தால் அந்துருண்டை வாசனையோடு மடித்து வைத்த கம்பளி. ‘மிலிட்டரி கம்பளி’ என்றால் எங்கள் பக்கம் தனி மரியாதை. மார்கழிக் குளிருக்கு அது ஒன்றே போதும். முரட்டு ரோமம் கன்னத்தில் குத்தும், ஆனால் விடியும்வரை குளிர் அண்டாது. தாத்தா கொண்டுவந்ததைப் பேரன் போர்த்துவான்.

1962 அக்டோபரில் அப்படிப்பட்ட கம்பளி ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு நம் சிப்பாய்கள் இமயமலை ஏறினார்கள்.

இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் மேற்கு ஓரத்தில், பூட்டான் எல்லையை ஒட்டி நாம்கா சூ என்ற ஆறு ஓடுகிறது. அதற்கு வடக்கே தக்லா முகடு. அங்கே வந்து நிற்கும் சீனப் படையை விரட்ட வேண்டும் என்று டெல்லியில் முடிவாயிற்று. 7-வது பிரிகேடுக்கு அந்த வேலை. தவாங்குக்கு அப்பால் வண்டி போகும் பாதை கிடையாது. செங்குத்து மலையில் பல நாள் நடந்துதான் போய்ச் சேர வேண்டும். கடைசி நேரத்தில் அனுப்பப்பட்ட பட்டாலியன்கள் சமவெளிக்கான பருத்தி உடுப்போடு போய் நின்றன. பலர் காலில் கேன்வாஸ் காலணி. இடுப்புப் பையில் 50 தோட்டா. கடும் குளிருக்கான கோட்டும் காலணியும் ஒரு சில நூறு பேருக்குத்தான் தேறின. மீதிப் பொருள்களை விமானத்திலிருந்து பாராசூட்டில் போட்டார்கள். போட்ட மூட்டைகளில் பெரும்பகுதி பள்ளத்தாக்குகளில் விழுந்து காணாமல் போயிற்று. கிடைத்ததைத் தேடி எடுத்து, மூச்சு வாங்க முதுகில் சுமந்து வருவதிலேயே வீரர்களின் பலம் பாதி கரைந்தது.

அக்டோபர் 20 விடியலில் சீனர்கள் தாக்கினார்கள். சில மணி நேரத்தில் பிரிகேடு சிதறிப் போனது. அதன் தளபதி பிரிகேடியர் ஜான் தால்வி சிறைப்பட்டார். திரும்பி வந்தபின் அவர் எழுதிய ‘ஹிமாலயன் பிளண்டர்’ என்ற புத்தகத்தை இந்திய அரசு சில காலம் தடைசெய்தே வைத்திருந்தது. தோல்விக்குக் காரணமாக அரசியல், ராஜதந்திரம், உளவு என்று ஆயிரம் சொல்வார்கள். எல்லாம் இருக்கட்டும். நான் இங்கே பேச விரும்புவது அந்தச் சிப்பாயின் கால்களைப் பற்றி. காலிலிருந்து தொடங்கினால்தான் அந்தப் போரும் புரியும், அதற்குப் பின் வந்த அறுபது ஆண்டுகளும் புரியும் என்பது என் எண்ணம்.

உறைபனியில் உடம்பு முதலில் கைவிடுவது கால்விரலைத்தான். நெஞ்சுக்கும் மூளைக்கும் சூடு வேண்டும் என்பதால் ரத்தம் உள்வாங்கிக்கொள்ளும். விரல் நுனிகளுக்கு ஓட்டம் குறையும். காலுறை ஈரமாக இருந்தால் இன்னும் வேகமாக. முதலில் சுருக் சுருக் என்று குத்தும், பிறகு மரத்துவிடும். வலி நின்றுவிட்டதே என்று ஆள் நிம்மதி அடையும் நேரத்தில் விரலின் சதை உறையத் தொடங்கியிருக்கும். பிறகு கறுத்து, வெட்டியெடுக்க வேண்டிய நிலை வரும். ஒரு நல்ல காலணியும், உலர்ந்த இரண்டு ஜோடிக் காலுறையும் இருந்தால் பெருமளவு தடுத்துவிடக் கூடியது இது. எதிரி சுடாமலேயே ஒரு வீரனை வாழ்நாள் முழுக்க நொண்டவைக்கும் இந்த ‘பனிக்கடி’ 1962-ல் எத்தனை பேரைப் பிடித்ததோ, அத்தனை பேரும் காலணி இல்லாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தவர்கள். குற்றம் அவர்களுடையதாக இருக்கவில்லை.

இன்று அதே மலையில் நிற்கும் சிப்பாயைப் பாருங்கள். தோலை ஒட்டி வியர்வையை வெளியே கடத்தும் உள்ளாடை. அதற்கு மேல் சூட்டைப் பிடித்து வைக்கும் அடுக்கு. அதற்கும் மேல் காற்றும் பனியும் புகாத மேலங்கி. கையுறையிலும் அடுக்குகள். உள்ளே தனிச் சூட்டுறை வைத்த பனிக் காலணி, அதன் அடியில் பனிப்பாறையில் நடக்க மாட்டிக்கொள்ளும் இரும்பு முள். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் குருடாக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடி. தூங்க, இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்த தூக்கப் பை. இவை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1984 ஏப்ரல் 13-ல் நம் படை சியாச்சின் பனியாற்றின் முகடுகளைப் பிடித்த நாளிலிருந்து, மைனஸ் 50 டிகிரிவரை இறங்கும் குளிரில் ஆண்டு முழுக்க ஆள் நிறுத்த வேண்டியிருந்தது. கம்பளி அங்கே எதற்கும் உதவாது. வெளிநாட்டிலிருந்து வாங்கத் தொடங்கினார்கள். சிலவற்றை இங்கேயே செய்யவும் கற்றுக்கொண்டார்கள்.

துப்பாக்கிக்கு வருவோம். 1962-ல் சிப்பாயின் கையில் இருந்தது ‘திரீ நாட் திரீ’. முதல் உலகப் போரில் பிரான்ஸின் சேற்றுக் குழிகளில் இந்தியச் சிப்பாய்கள் பிடித்திருந்த அதே லீ என்ஃபீல்டு குடும்பம். நம் ஊர்க் காவலர்களின் தோளிலும் நெடுங்காலம் அதைப் பார்த்திருக்கிறோம். நான்கு கிலோ எடை, பத்துத் தோட்டா. ஒரு தடவை சுட்டதும் கைப்பிடியை மேலே தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, கீழே அழுத்தினால்தான் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். நல்ல துப்பாக்கி, நம்பகமானது, குறி தப்பாது. ஆனால் எதிரே வந்தவர்கள் கையில் ஒவ்வொரு தடவையும் விசையை அழுத்தினாலே போதும் என்ற வகைத் துப்பாக்கி இருந்தது. அழுத்திப் பிடித்தால் பொழிந்துகொண்டே இருக்கும் வகையும் இருந்தது. இதோடு குளிரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தடித்த கையுறை போட்டால் விசை வளையத்துக்குள் விரல் நுழையாது. கழற்றினால் இரும்பு தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்தத் தோட்டாக்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நீலகிரி மலை ரயிலில் குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்கள் வெலிங்டனைத் தாண்டியதும் அருவங்காடு நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். அங்குள்ள கார்டைட் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் எழுந்தது. திரீ நாட் திரீ தோட்டாவை உந்தித் தள்ளும் மருந்தான கார்டைட்டைச் செய்வதுதான் அதன் வேலை. பக்கத்து வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம். தோட்டா மருந்தும் அதைச் சுடப் பழகும் பையனும் ஒரே மலைச்சரிவில் உருவான இடம் அது.

1962 நவம்பர் 18. லடாக்கின் சுஷூல் பகுதியில் ரெசாங் லா என்ற கணவாய். பதினாறாயிரம் அடிக்கு மேல் உயரம். 13-வது குமாவுன் பட்டாலியனின் ‘சார்லி’ கம்பெனி, மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் அங்கே காவல் நின்றது. பெரும்பாலோர் ஹரியானாவின் சமவெளிக் கிராமங்களைச் சேர்ந்த அஹீர்கள். பால் கறந்து, கோதுமை விளைவிக்கும் குடும்பங்கள். உயர்மலைக் குளிரில் பிறந்து வளராதவர்கள். அவர்களுக்கும் நம் பீரங்கிகளுக்கும் நடுவே ஒரு முகடு மறித்து நின்றதால் பீரங்கி உதவி கிடையாது. திரீ நாட் திரீயும், சில இலகு எந்திரத் துப்பாக்கிகளும், சிறு மோர்ட்டார்களும்தான் துணை. அலை அலையாக வந்த தாக்குதலைக் கடைசித் தோட்டாவரை எதிர்த்தார்கள். 120 பேர் கொண்ட அந்தக் கம்பெனியில் நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

என்ன நடந்தது என்பது அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் முழுமையாகத் தெரிந்தது. ஆடு மேய்க்கப் போன ஒரு லடாக்கி அங்கே உடல்களைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். போய்ப் பார்த்தபோது, பதுங்கு குழிகளில் துப்பாக்கியைப் பிடித்தபடியே பலர் உறைந்து கிடந்தார்கள். மருத்துவ உதவியாளர் ஒருவர் கையில் ஊசியும் கட்டுத்துணியுமாக இருந்தார். ஷைத்தான் சிங்குக்குப் பரம்வீர் சக்ரா அளிக்கப்பட்டது. ஓடிப்போகாத படை, ஒதுங்கிப்போகாத மனிதர்கள். அவர்களிடம் குறைந்திருந்தவை, கடையில் விலை கொடுத்து வாங்கியிருக்கக் கூடியவை மட்டுமே. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

தோல்விக்குப் பிறகு நாடு விழித்தது. பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடங்களில் ஜவான்களுக்காக ஸ்வெட்டர் பின்னினார்கள். பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் நவம்பர் தொடக்கத்திலேயே அமைச்சரவையிலிருந்து விலக நேர்ந்தது. மலைப் போருக்கென்றே புதிய டிவிஷன்கள் எழுந்தன. தானாகத் தோட்டா ஏறும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி 1963 முதல் இஷாப்பூரில் தயாராகிப் படைக்கு வந்தது. 1965, 1971 போர்களில் அது கைகொடுத்தது. எல்லாம் சரி, எல்லாம் தேவையானவை. ஆனால் எல்லாம் ஓர் ஆண்டு தாமதம். நாம்கா சூவில் மாண்டவனுக்கு அந்த ஸ்வெட்டரும் எஸ்.எல்.ஆரும் போய்ச் சேரவில்லை.

இந்தப் பின்தங்கல் ஒரு பழக்கமாகவே தொடர்ந்தது. 1999-ல் கார்கில். எஸ்.எல்.ஆருக்குப் பதிலாக வந்த ‘இன்சாஸ்’ துப்பாக்கியின் பிளாஸ்டிக் தோட்டாக் கூடு கடுங்குளிரில் விரிசல் விட்டது, இடையில் சிக்கிக்கொண்டது என்று முன்வரிசையிலிருந்து புகார் வந்தது. மலை உடுப்பும் பனிக் காலணியும் எல்லோருக்கும் போதவில்லை. ‘இருப்பதை வைத்துக்கொண்டு போராடுவோம்’ என்ற பொருளில் அன்றைய தளபதி ஜெனரல் வி.பி. மாலிக் சொன்னதை நாடே கேட்டது. அந்தச் சொல்லில் வீரம் இருந்தது. ஒரு தளபதி அதைச் சொல்ல வேண்டிய நிலை வந்ததில் நமக்கெல்லாம் வெட்கம் இருந்திருக்க வேண்டும். திருச்சி மேஜர் சரவணன் மே 29-ல் படாலிக் பகுதியில் வீழ்ந்தார். அவர் உடல் ஒரு மாதத்துக்கும் மேலாகப் பனியில் கிடந்து, ஜூலையில்தான் மீட்கப்பட்டது. திருச்சிக்காரர்கள் அந்தக் காத்திருப்பை மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது துப்பாக்கி நிலைமை மாறியிருக்கிறது. 2019-ல் அமெரிக்காவிலிருந்து 72,400 சிக் சாவர் துப்பாக்கிகள் வாங்க ஒப்பந்தமாயிற்று. அமேதிக்கு அருகே கோர்வாவில் ரஷ்யக் கூட்டுடன் ஏ.கே. 203 தயாராகிறது, 6 லட்சத்துக்கு மேல் தேவை என்று கணக்கு. தோட்டாவின் விட்டம் எஸ்.எல்.ஆர். காலத்து 7.62 மில்லிமீட்டருக்கே திரும்பிவிட்டது என்பதைப் பழைய பட்டாளத்துக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். இன்சாஸின் சிறிய தோட்டாவை அவர்கள் கடைசிவரை முழுமனதாக ஏற்கவில்லை. குண்டு துளைக்காத உடுப்பு 1962-ல் கிடையாது, இரும்புத் தலைக்கவசம்தான். இன்று அந்த உடுப்பு உண்டு. ஆனால் சுமார் பத்துக் கிலோ எடை! மூச்சுக் காற்று பாதியாகக் குறைந்த உயரத்தில் பத்துக் கிலோ கூடுதலாகச் சுமப்பதென்றால் என்ன என்று படியேறி மூச்சிரைத்த எவரும் ஊகிக்கலாம். பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 2024-ல் காட்டிய ‘அபேத்’ உடுப்பின் குறைந்தபட்ச எடை 8.2 கிலோ. ஒரு கிலோ இரண்டு கிலோ குறைந்தால் என்ன என்று சமவெளியில் இருப்பவர்கள் கேட்கலாம், மேலே இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள்.

அறுபது ஆண்டில் நடந்த மாற்றங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது துப்பாக்கியும் இல்லை, காலணியும் இல்லை. மருத்துவம்தான். 1962-ல் சமவெளியிலிருந்து விமானத்தில் ஏற்றி, நேரே பதினோராயிரம் பன்னிரண்டாயிரம் அடியில் கொண்டுபோய் இறக்கினார்கள். இரண்டாம் நாள் இருமல், மூச்சுத் திணறல், வாயில் நுரை. திடகாத்திரமான இளைஞன் இரவோடு இரவாக இறந்துபோவான். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் மலை நோய் அது. உலக மருத்துவம் அப்போதுதான் அதை அடையாளம் காணத் தொடங்கியிருந்தது. அதுவரை பெரும்பாலும் நிமோனியா என்று எண்ணித்தான் வைத்தியம் பார்த்தார்கள். லே ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய என்.டி. மேனன் அப்படிப்பட்ட 101 நோயாளிகளைக் கவனித்து 1965-ல் எழுதினார். இந்தர் சிங் தலைமையிலான ராணுவ மருத்துவர் குழு, உயரத்துக்குத் திடீரென்று கொண்டுபோகப்பட்ட 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-ல் எழுதியது. இரண்டும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தவை. இன்று உலகின் எந்த மூலையில் மலையேறுபவனும் இந்த அறிவால் பிழைக்கிறான். அந்த அறிவு நம் சிப்பாய்களின் நெஞ்சுக்கூட்டிலிருந்து வந்தது.

அதன் பலனாக இன்று கறாரான ஒரு முறை இருக்கிறது. 9,000 அடிக்கு மேல் போகிறவர் முதலில் ஆறு நாள் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும். 12,000 தாண்டினால் இன்னும் நான்கு நாள். 15,000 தாண்டினால் மேலும் நான்கு நாள். முதல் இரண்டு நாள் சும்மா இருப்பதுதான் வேலை. பிறகு சிறு நடை, பிறகு ஏற்றம். தளபதியாக இருந்தாலும் இந்த வரிசையிலிருந்து விலக்கு எளிதில் கிடையாது. நோய் வந்துவிட்டால் ஆளை உள்ளே படுக்கவைத்துக் காற்றழுத்தம் ஏற்றும் பை இருக்கிறது. அதற்குள் படுத்திருப்பவருக்குச் சில ஆயிரம் அடி கீழே இறங்கிய பலன் கிடைக்கும். ஹெலிகாப்டர் வரும்வரை உயிரைப் பிடித்துவைக்க அது உதவுகிறது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினாறாயிரம் அடியில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே ஒழிய பருப்பு வேகாது. அன்றைய லங்கரில், பட்டாளத்தில் சமையல்கட்டுக்கு அதுதான் பெயர், விறகும் மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. பாதி வெந்த பருப்பும், பூரியும், சக்கர்பாரா என்ற இனிப்புத் துண்டும்தான் பல நாள் ஆகாரம். பிரஷர் குக்கரும் டின் உணவும் அந்தக் கஷ்டத்தைக் கொஞ்சம் தீர்த்தன. லேயில் 1962-ல் தொடங்கிய ராணுவ ஆய்வுக்கூடம் பனிப் பாலைவனத்திலும் கண்ணாடிக் கூடாரத்துக்குள் காய்கறி விளைவித்துக் காட்டியது. மைசூரில் உள்ள உணவு ஆய்வுக்கூடம் பிரித்துச் சுடவைத்தாலே சாப்பிடலாம் என்ற பொட்டலங்களைச் செய்தது. ஆனாலும் சியாச்சினின் உச்சிச் சாவடியில் இன்றும் பனிக்கட்டியை மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்கித்தான் குடிதண்ணீர். கூடாரத்துக்குள் ஓயாமல் எரியும் அடுப்பின் கரி மூச்சோடு உள்ளே போகும், துப்பினால் சளி கறுப்பாக வரும். பசியே எடுக்காது. அந்த உயரம் நாக்கைச் செத்துப்போக வைக்கும். இட்லியையும் மீன் குழம்பையும் நினைத்துக்கொண்டு சாக்லெட்டை மென்று விழுங்கும் தமிழ்ப் பையன்கள் இன்று இரவும் அங்கே இருக்கிறார்கள்.

கடிதம் வேறு கதை. ‘56 ஏ.பி.ஓ.’ என்ற முகவரியை எழுதத் தெரியாத பட்டாளத்து வீடு கிடையாது. மகன் எங்கே இருக்கிறான் என்று அந்த எண்ணை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தான் அப்படியொரு முகவரி. கடிதம் போய் வர வாரங்கள் ஆகும். தந்தி வந்தால் பிரித்துப் படிக்கும் முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்தது. இப்போது வீடியோ காலில் குழந்தையின் முகம் பார்க்கிறார்கள். அதிலும் கட்டுப்பாடு உண்டு. 2020-ல் ராணுவம் 89 செயலிகளைக் கைபேசியிலிருந்து நீக்கச் சொன்னது. அன்று தணிக்கை அதிகாரி கடிதத்தில் கறுப்பு மை பூசிய அதே காரணம்தான்.

மாண்டவரின் உடல் விஷயத்திலும் ஒரு மாற்றம் உண்டு. 1962-ல் பெரும்பாலானோர் வீழ்ந்த மலையிலேயே எரியூட்டப்பட்டார்கள். வீட்டுக்கு வந்தது தந்தியும் டிரங்குப் பெட்டியும்தான். கார்கிலிலிருந்துதான் உடலைச் சொந்த ஊருக்கே அனுப்புவது வழக்கமாயிற்று. தேசியக் கொடி போர்த்திய பெட்டி தன் தெருவுக்குள் வருவதை ஒரு தாய் பார்க்கிறாள். கொடுமைதான், ஆனால் பார்க்காமலே போவதைவிடக் கொடுமை குறைந்தது.

நவீனக் கருவி எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2016 பிப்ரவரி 3-ல் சியாச்சினில் சோனம் சாவடியின் மேல் பனிச்சுவர் சரிந்தது. 19-வது மெட்ராஸ் பட்டாலியனோடு இருந்த பத்துப் பேர் புதைந்தார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டவர். ரேடார், மோப்ப நாய்கள், பாறை வெட்டும் கருவிகள் என்று எல்லாம் வைத்துத் தோண்டி, ஆறாம் நாள் கர்நாடகத்தின் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். நாடே வேண்டிக்கொண்டிருந்தது. 11-ம் தேதி அவரும் போய்விட்டார்.

2020 ஜூன் 15, கல்வான் பள்ளத்தாக்கு. 1962 அக்டோபர் 20-ல் நம் சிறு காவல் சாவடி ஒன்று சீனர்களிடம் வீழ்ந்த அதே கல்வான். எல்லைக்கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது என்று 1996-ல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாடு இருந்ததால், சாட்டிலைட்டும் டிரோனும் உள்ள காலத்தில் ஆணி பதித்த தடியும் கல்லும் கொண்டு மோதினார்கள். இருபது இந்தியர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர்; பின்னர் அவருக்கு வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. மறுநாள் ராணுவம் வெளியிட்ட அறிக்கையில் ஒரு வரி என்னை நிறுத்தியது. பலத்த காயமடைந்து, உறைநிலைக்குக் கீழான குளிரிலும் கிடந்த 17 வீரர்கள் காயங்களால் இறந்துபோனார்கள் என்று அது சொன்னது. 58 ஆண்டு கழித்தும், அதே மலையில், அதே குளிர்.

அந்தக் குளிர்காலத்தில் கிழக்கு லடாக்கில் அரை லட்சம் வீரர்கள் தங்க வேண்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து கடுங்குளிர் உடுப்புகளை அவசரமாகத் தருவித்தார்கள். வெந்நீரும் மின்சாரமும் சூடேற்றும் வசதியும் உள்ள குடில்களை எழுப்பினார்கள். லடாக்கின் சோனம் வாங்சுக் பகல் வெயிலைச் சேமித்து இரவில் சூடு தரும் கூடாரம் ஒன்றைச் செய்து 2021 பிப்ரவரியில் காட்டினார். பத்துப் பேர் தங்கலாம். பிரித்தால் ஒவ்வொரு துண்டும் 30 கிலோவுக்குக் குறைவு. லடாக் போகும் வழியில் அடல் சுரங்கப்பாதை 2020-லும், தவாங் போகும் வழியில் சேலா சுரங்கப்பாதை 2024-லும் திறந்தன. நாம்கா சூவுக்கு மூச்சிரைக்க நடந்தவர்கள் கனவிலும் நினைத்திராத வசதி. இதில் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. ஆனால் ‘அவசரமாக’ என்ற சொல் இதிலும் வந்துவிட்டதைக் கவனியுங்கள். 1962-லும் அவசரம், 1999-லும் அவசரம், 2020-லும் அவசரம். மலை அங்கேயேதான் இருக்கிறது. குளிர்காலம் ஆண்டுதோறும் தேதி தவறாமல் வருகிறது. நமக்கு மட்டும் அது ஒவ்வொரு முறையும் திடீரென்று வருகிறது.

2020 பிப்ரவரியில், கல்வானுக்கு நான்கே மாதம் முன்பு, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2015 முதல் 2018 வரையான காலத்தில் உயரமான மலைகளில் நின்ற வீரர்களுக்கு உடுப்பும் உணவும் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்ற கணக்கு அது. பனிக் கண்ணாடியில் 62 முதல் 98 சதவீதம்வரை பற்றாக்குறை. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர்வரை குறிப்பிட்ட வகைப் பனிக் காலணி வழங்கப்படாததால், பழைய காலணிகளையே சரிசெய்து மாட்டிக்கொள்ள நேர்ந்தது. சிறப்பு உணவுப் பொருளுக்கு மாற்றாக வேறு பொருள் கொடுத்ததில் கலோரி 82 சதவீதம்வரை குறைந்தது. ராணுவம் இதற்குப் பதில் சொன்னது: அது பழைய கணக்கு, குறைகள் பின்னர் சரிசெய்யப்பட்டன என்று. சரிசெய்திருப்பார்கள், நம்புகிறேன். ஆனால் அந்தக் காலத்தில் மேலே நின்றவனுக்குக் கால் இரண்டுதான் இருந்தது.

1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை இந்திய அரசு இன்றுவரை முறையாக வெளியிடவில்லை. தணிக்கை அறிக்கை அப்படியில்லை. யாரும் எடுத்துப் படிக்கலாம். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசங்களில் சாதாரணக் குடிமகன் கையில் உள்ள ஒரே வித்தியாசம் இதுதான்.

எனவே பட்டாளத்துப் பிள்ளைகளைப் பெற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீரவணக்கச் சுவரொட்டி ஒட்டுங்கள், சிலை வையுங்கள், பள்ளிக்குப் பெயர் சூட்டுங்கள். அதோடு, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, ஐப்பசி பிறப்பதற்குள் மலைமேல் இருக்கும் ஒவ்வொரு பையனுக்கும் காலணியும் கண்ணாடியும் போய்ச் சேர்ந்துவிடுமா என்று ஒருவராவது எழுந்து நின்று கேளுங்கள்.